கண்ணாடியில் கீதா இல்லை

செத்துப்போன மனுஷன் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மாடிப்படி இறங்கி வருகிறார் என்று ஒரு வீட்டில் சொன்னால், நான் அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன். ஆனால் துர்காதேவி மேடம் இரண்டாவது டம்ளர் மோரைக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

மேடத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. சித்தூர் கோர்ட்டில் இருபத்திரண்டு வருஷம் மொழிபெயர்ப்பாளராக இருந்து, தமிழ் சாட்சிகள் சொன்ன பொய்களைத் தெலுங்கிலும், தெலுங்கு சாட்சிகள் சொன்ன பொய்களைத் தமிழிலும் மாற்றிக்கொடுத்தவர். அது சலித்துப்போய், திருப்பதியில் அலிபிரி ரோட்டில் ஒரு சூட்கேஸ் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்டார். நான் சிரஞ்சீவி. அவருடைய ஒரே உதவியாளன். கார் ஓட்டுவது, தேவையில்லாமல் பேசுவது, பயப்படுவது மூன்றும் என் இலாகா.

நகரியில் அந்தத் தெரு முழுக்க பவர்லூம். ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் தறி ஓடுகிற சத்தம் தரை வழியாக ஏறி என் பல்லில் வந்து நின்றது. பிரமிளா அந்தச் சத்தத்துக்கு மேலே குரல் உயர்த்திப் பேசிப் பழகியவள். நாற்பத்தியோரு வயது. நாற்பத்து மூன்று நாளாக விதவை.

"எனக்கு அந்தக் கீதாவைக் கண்டுபுடிச்சிக் குடுங்க மேடம்" என்றாள். "அடிக்கறதுக்கு இல்ல. ஒரே ஒரு விஷயம் கேக்கணும்."

"மொதல்லேர்ந்து சொல்லும்மா" என்றார் மேடம்.

பிரமிளாவின் புருஷன் திலீப், நாலு தறி வைத்து ஓட்டியவன். சாவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே போனைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்ப் பேச ஆரம்பித்திருக்கிறான். யாரிடமோ, தெலுங்கில். ஒருநாள் இவள் துணி எடுக்க மாடி ஏறியபோது காதில் விழுந்தது இது: "கீதா எவரிக்கீ கனபடகூடது. இண்ட்லோ அசலு தெலீகூடது."

கீதா யார் கண்ணிலும் படக் கூடாது. வீட்டில் தெரியவே கூடாது. இருபது வருஷம் நகரியில் வாழ்ந்தவளுக்கு இந்தத் தெலுங்கு புரியாதா?

"அப்புறம் இன்னா பண்ண?" என்று கேட்டார் மேடம்.

"ரெண்டு நாள் அடக்கிக்கினு இருந்தேன். மூணாம் நாள் காலைல கேட்டேன். கேட்டேன்னா, கேக்கக் கூடாததெல்லாம் கேட்டேன். அந்தப் பேரை மட்டும் சொல்ல வாய் கூசிச்சி, எவ அவன்னுதான் கேட்டேன். செத்துத் தொலைன்னு சொன்னேன் மேடம். அவரு திருப்பதிக்கு வேலை கீதுன்னு பஸ் ஏறிப் போயிட்டாரு. சாயங்காலம் எப்ப திரும்பி வந்தாருன்னே எனக்குத் தெரியாது, நான் தறிகிட்ட இருந்தேன். ஆறு மணிக்குக் கரண்ட் போச்சி. எல்லா மெஷினும் நின்னதும் மாடிப்படி பக்கத்துலேர்ந்து அவரு கொரல் கேட்டுச்சி. 'கீதா லேது'ன்னாரு. அப்புறம் தொப்புனு ஒரு சத்தம்."

கீதா லேது. கீதா இல்லை.

"உடனே வெளிய வந்தியா?"

பிரமிளா சுவரைப் பார்த்தாள். "கரண்ட் வந்தப்புறம்தான் வந்தேன். படிக்குக் கீழ கெடந்தாரு. உயிர் இல்ல."

போலீஸ் வந்து பார்த்து, குடும்பத் தகராறு, மனம் உடைந்து குதித்துவிட்டார் என்று எழுதிக்கொண்டு போனது. தெரு அதற்கு மேலே இரண்டு வரி சேர்த்துக்கொண்டது.

"அவ எங்கியோ போயிட்டாளோ, செத்துட்டாளோ. அவ இல்லேன்னு குதிச்சாரா? இல்ல, நான் செத்துத் தொலைன்னேன்னு குதிச்சாரா? இது ஒண்ணுதான் மேடம் எனக்குத் தெரியணும். இது தெரியாம சோத்தை வாயில வெச்சா தொண்டைக்குள்ள எறங்க மாட்டேங்குது."

அவள் மணிக்கட்டு எலும்பைப் பார்த்தால் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை. எனக்கே அது ஆச்சரியம்தான்.

பேய்க்கதையைச் சொன்னது அவள் மகள் உதயா. இண்டர் இரண்டாம் வருஷம், தமிழ்நாட்டுக் கணக்கில் ப்ளஸ் டூ, படிக்கிறவள். கருமாதி முடிந்த மறுநாளிலிருந்து ஆரம்பமாம். ஆறு மணிக்கு இந்தத் தெருவில் கரண்ட் கட். தறிகள் நின்றதும், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வெளிப்படியில் யாரோ இறங்குகிற சத்தம். ஒரு படி. அப்புறம் நிற்கும். காலால் சிமெண்ட்டைத் தேய்த்துத் தேய்த்துத் தேடும். அடுத்த படி.

"ஒருநாள் ஜன்னல் வழியா பாத்தேன் அங்கிள். இருட்டுல மூஞ்சி தெரியல. மேல நின்னுக்கினு, கண்ணாடி போட்டுக்கினு, மோவாயைத் தூக்கிக்கினு நிக்கிது. பக்கத்து வீட்டு பச்சையம்மா அத்தை சொல்றாங்க, நைனா எறங்கத் தெரியாம தவிக்கறாருன்னு."

"நான் புத்தூர்க்காரன்மா" என்றேன். "எங்க ஊர்ல கை கால் ஒடஞ்சா கட்டுப் போட்டு அனுப்பிடுவாங்க. இதுக்குக் கட்டு கிடையாது. மேடம், கெளம்பலாமா?"

மேடம் கிளம்பவில்லை. சுவரில் மாலை போட்ட திலீப் படத்துக்குக் கீழே, ஸ்டூலில் ஒரு கண்ணாடி இருந்தது. கறுப்பு ஃப்ரேம். இடது பக்கம் விரிசல்.

"இது?"

"பக்கத்துல கெடந்துச்சின்னு போலீஸ்காரங்க எடுத்துக் குடுத்தாங்க" என்றாள் பிரமிளா. "அவரு கண்ணாடியே போட மாட்டாரு. நான் இதைப் பாத்ததே இல்ல. அவ வாங்கிக் குடுத்ததா இருக்கும். தூக்கிப் போடத்தான் நெனச்சேன், கை வரல. எங்க நைனாவுக்கு வாங்கிக் குடுத்தாரே, அதே மாதிரி ஃப்ரேம் வேற."

நான் குனிந்து பார்த்தேன். லென்ஸின் கீழ்ப்பாதியில், வெட்டிப்போட்ட நகம் மாதிரி ஒரு வளைவான கோடு. கிட்டே பார்க்க ஒரு பாதி, எட்டப் பார்க்க ஒரு பாதி. எங்கள் ஊர் போஸ்ட்மாஸ்டர் போட்டிருப்பார்.

பிரமிளாவின் நைனா, அதாவது அப்பா, முனிகிருஷ்ணன் முன்னறையில் உட்கார்ந்திருந்தார். தமிழ்நாட்டுப் பக்கம் பொதட்டூர்பேட்டைக்காரர், அறுபத்து நாலு வயது. மருமகன் செத்த அன்று வந்தவர் மகளுக்குத் துணையாக இங்கேயே தங்கிவிட்டார். நாங்கள் வெளியே போகும்போது பேப்பரைக் கை நீளத்துக்கு எட்டிப் பிடித்து, கூரையில் எழுதியிருப்பதைப் படிக்கிறவர் போலத் தலையை அண்ணாந்துகொண்டிருந்தார். மேடம் வணக்கம் சொன்னார். அவர் குரல் வந்த பக்கம் தலையாட்டினார்.

காரில் ஏறியதும் கேட்டேன். "மேடம், உண்மையைச் சொல்லுங்க. அது பேய்தானே?"

"பேயா இருந்தா படியைக் காலால தேடாதுடா. மெதந்து வந்துட்டுப் போயிடும்" என்றார் மேடம். "வண்டியை எடு. திருப்பதி."

*

திலீப்பின் போனில் கடைசி மூன்று அழைப்பும் ஒரே நம்பருக்கு. பிரமிளா அந்த நம்பருக்கு அடிக்கும்போதெல்லாம் ஒரு ஆண் குரல் எடுக்குமாம், இவள் வைத்துவிடுவாளாம். மேடம் கொஞ்சம் தோண்டியதில் அது திருப்பதி காந்தி ரோட்டில் ஒரு கண்ணாடிக் கடை என்று தெரிந்தது. மனுஷர் போடுகிற மூக்குக் கண்ணாடி.

"தெரிஞ்சி போச்சி மேடம்" என்றேன் வழியில். "கீதா அந்தக் கடையில வேலை செய்யறா. இவன் கண்ணு டெஸ்ட் பண்ணப் போயிருக்கான். எழுத்தைப் பாக்கறதுக்குப் பதிலா அவளைப் பாத்திருக்கான். கேஸ் முடிஞ்சது."

"அப்ப நீயே உள்ள போய்ப் பேசு."

"வேணாம் மேடம். எனக்கு வெக்கமா இருக்கும்."

கடையில் ஒரு பெண் கவுண்டரில் நின்று கண்ணாடிகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் மேடத்தின் காதில், "இவதான்" என்றேன். அவள் சட்டையில் குத்தியிருந்த பட்டையில் ரோஜா என்று இருந்தது. "பேரை மாத்திக்கினா மேடம்" என்றேன். மேடம் என் காலை மிதித்தார்.

கடைக்காரர் சலீம் உள்ளேயிருந்து வந்தார். வெள்ளைத் தாடி, கழுத்தில் கயிற்றில் தொங்கும் கண்ணாடி. "வாங்கம்மா, ஒக்காருங்க."

மேடம் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, தெலுங்கில், ரகசியம் பேசுகிற தொனியில் சொன்னார்: "நகரி திலீப் காரு பம்பிஞ்சாரு. கீத கோசம் வச்சினாம்." திலீப் அனுப்பினார், கீதாவுக்காக வந்திருக்கிறோம் என்று அர்த்தம். மேடத்தின் பழைய தந்திரம் இது. எல்லாம் தெரிந்த மாதிரி நின்றால், எதிராளி மிச்சத்தைச் சொல்லிவிடுவான்.

சலீம் பாய் முகத்தில் கள்ளம் எதுவும் தெரியவில்லை. நல்ல தமிழில் கேட்டார்: "திலீப் சார் அனுப்பினாரா? சந்தோஷம். நம்மகிட்ட கீத உள்ளதும் கீது, கீத இல்லாததும் கீது. உங்களுக்கு எது வேணும்?"

அடப்பாவி, இது என்ன மாதிரிக் கடை என்று நான் வாசலைப் பார்த்தேன். அவர் பாட்டுக்கு இரண்டு லென்ஸ்களை எடுத்து நீல வெல்வெட் துணிமேல் வைத்தார்.

"இதப் பாருங்க. குறுக்கால கோடு தெரியுதா? இது கீத உள்ளது. இதுல ஒண்ணும் தெரியாது. கீத லேது."

மேடம் கையால் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"டேய் சிரஞ்சீவி. கீதன்னா தெலுங்குல இன்னாடா?"

"பொம்பள பேரு மேடம்."

"இன்னொண்ணு?"

வெல்வெட் மேலிருந்த லென்ஸைப் பார்த்தேன். "கோடு."

"பேரும் அதே எழுத்து, கோடும் அதே எழுத்து. பொம்பளைக்கும் லேது, பொருளுக்கும் லேது. இருபத்திரண்டு வருஷம் கோர்ட்ல இதைத்தானே பொழப்பா வெச்சிருந்தேன்? ஒரு பொண்டாட்டி அழுதுக்கினே சொன்னதால எனக்கும் அது பேராவே கேட்டுப் போச்சி." மேடத்துக்குக் கோபம் வந்தால் மூக்கு சிவக்கும். தன்மேலே வந்தாலும் சிவக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கீத எவரிக்கீ கனபடகூடது. கோடு யார் கண்ணுக்கும் தெரியக் கூடாது. அவ்வளவுதான் அந்த மனுஷன் சொன்னது!

"திலீப் எதுக்கு பாய் வந்தாரு?" என்று மேடம் கேட்டார்.

"நாப்பத்தஞ்சு வயசுல எல்லாருக்கும் வர்றதுதான். தறியில இழை அறுந்தது கண்ணுக்குத் தெரியல, கையில தடவித் தடவிப் பாக்கறேன்னாரு. கோடு போட்டதைக் காட்டினேன். அய்யோ வேணாம், கிழவனாட்டம் இருக்கும், எங்க மாமா போட்டுக்கினு கீறாரு, அதே போதும்னாரு." சலீம் பாய் சிரித்தார். "பொண்டாட்டி முன்னாடி கிழவனாத் தெரியக் கூடாது, கண்ணு போச்சுன்னே அவளுக்குத் தெரியக் கூடாதுன்னாரு. போனைப் போட்டு இதையே பத்து வாட்டி சொன்னாரு. கோடே இல்லாத மாதிரியும் வேணும், எட்டவும் தெரியணும், தறியும் தெரியணும், பேப்பரும் தெரியணும்."

"அப்படி ஒண்ணு இருக்கா?"

"கோடு இல்லாததுலயே ரகம் ரகமா கீதும்மா. கோட்டைத் தேச்சி மறைச்சது ஒண்ணு, அதுல நடுத்தூரம் சரியா கெடைக்காது. ஆபீஸ்ல ஒக்காந்து கம்ப்யூட்டர் பாக்கறவங்களுக்கு ஒண்ணு, அதைப் போட்டுக்கினு ரோட்ல நடக்கக் கூடாது. இவருக்குக் குடுத்தது ப்ரோக்ரஸிவ். மேல எட்டம், நடுவுல கை நீளம், கீழ கிட்டம், எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கரைஞ்சி போயிருக்கும். அதே ஃப்ரேம்தான் வேணும்னாரு, போன வருஷம் மாமாவுக்கு வாங்கினாரே, அந்த ஃப்ரேம். மாமாவோடது மட்டும் கோடு போட்டது."

"ரெண்டையும் பக்கத்துல வெச்சா எது எதுன்னு எப்படிக் கண்டுபுடிப்பீங்க?"

சலீம் பாய் கோடில்லாத லென்ஸை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஹா என்று ஊதினார். விளக்குக்கு நேரே பிடித்தார். பனி படர்ந்த கண்ணாடியில், இதுவரை இல்லாத இரண்டு சின்ன வட்டங்கள் எழுந்தன. ஒன்றுக்குக் கீழே துளியூண்டு எண். பனி மறைய, அவையும் மறைந்தன. பகல் மூணு மணி, கடைத் தெருவில் ஆட்டோ ஹாரன், ஆனாலும் எனக்கு யாரோ உள்ளேயிருந்து பார்த்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

"கம்பெனி வைக்கற குறி. மூச்சுப் பட்டாதான் தெரியும்" என்றார். "திலீப் சாரோடதுல ஒண்ணு அஞ்சுன்னு இருக்கும். அமாவாசை அன்னிக்கு மத்தியானம் வந்து போட்டுக்கினு போனாரு. கண்ணாடியில மூஞ்சியைப் பாத்துக்கினு சின்னப் பையனாட்டம் சிரிச்சாரு. ஒரு வாரம் படி எறங்கறப்ப மட்டும் தலையையே குனிஞ்சி பாருங்க, கண்ணை மட்டும் தாழ்த்தாதீங்க, அடிப்பாகத்துல பாத்தா படி கலங்கி எடம் மாறித் தெரியும்னு சொல்லித்தான் அனுப்பினேன். பத்து நாள்ல வந்து காட்டுங்கன்னேன், வரவே இல்ல. எப்படி கீறாரு? படி எறங்கப் பழகிட்டாரா?"

திலீப் விழுந்து செத்ததை நான்தான் சொன்னேன். சலீம் பாய் வெல்வெட் துணியை நாலாக மடித்து, பிரித்து, மறுபடி நாலாக மடித்தார்.

*

புத்தூர் தாண்டியதும் நான் ஆறுதலுக்குப் பேசினேன்.

"விடுங்க மேடம். கீதாவும் இல்ல, குதிக்கவும் இல்ல. புதுக் கண்ணாடி, படி தெரியல, விழுந்துட்டாரு. பிரமிளாகிட்ட சொன்னா நிம்மதியா ஒரு வாய் துன்னும்."

"படத்துக்குக் கீழ ஒரு கண்ணாடி இருந்துச்சே. குனிஞ்சி பாத்தியே. அதுல கோடு இருந்துச்சா?"

"இருந்துச்சி மேடம். நகம் மாதிரி..." என்றவன் வண்டியை ஓரங்கட்டிவிட்டேன். பின்னால் வந்த லாரிக்காரன் என் பரம்பரையையே திட்டிக்கொண்டு போனான்.

திலீப்பின் கண்ணாடியில் கோடு இல்லை. பிணத்துக்குப் பக்கத்தில் கிடந்ததில் கோடு இருக்கிறது. அப்படியானால் அது திலீப்புடையது இல்லை.

"விழுந்தப்ப அவன்கூட இன்னொருத்தர் இருந்திருக்காரு" என்றார் மேடம். "கண்ணாடி மாறிப் போயிருக்கு. அவரோடது அங்க படத்துக்குக் கீழ கெடக்கு. திலீப்போடதை அவரு போட்டுக்கினு கீறாரு. நாப்பத்து மூணு நாளா."

பேப்பரைக் கை நீளத்துக்குப் பிடித்து, கூரையைப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்த மனுஷன் என் கண்முன் வந்தார். பவர் பொருந்தாத கண்ணாடியில் எழுத்தைத் தேடினால் யாரும் அப்படித்தான் அண்ணாந்து பார்ப்பார்கள்.

"வேணாம் மேடம்" என்றேன். "அந்தப் பொண்ணு ஏற்கெனவே பாதி செத்துக் கெடக்கு."

"எனக்கும் வேணாம்னுதான் இருக்கு. ஆனா உண்மை தெரியணும்னு கேட்டது அவதானே."

*

கார்த்திகை மாதம், சீக்கிரம் இருட்டிவிடும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆறுக்குப் பத்து நிமிஷம். பச்சையம்மாள் தன் வீட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தாள். உதயாவையும் தன்னோடு உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"ஐயா எங்கம்மா?" என்று பிரமிளாவிடம் கேட்டார் மேடம்.

"நைனா இந்நேரத்துக்குக் கோயிலுக்குப் போயிடுவாரு. கீதா கெடச்சாளா?"

"எங்ககூட பின்பக்கம் வா. சொல்றேன்."

"இந்நேரத்துல அங்கியா?" அவள் முகம் வெளுத்தது. எனக்கும் வெளுத்திருக்கும், நல்லவேளை நான் கொஞ்சம் கறுப்பு.

மூன்று பேரும் தறிக்கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றோம். கைப்பிடி இல்லாத சிமெண்ட் படி, சுவரை ஒட்டி மேலே ஏறியது. கரண்ட் போனது. தெரு முழுக்க ஓடிக்கொண்டிருந்த அத்தனை தறியும் ஒரே மூச்சில் நின்றன. அந்த அமைதி இருக்கிறதே, அதை நான் இன்னொரு தடவை கேட்க விரும்பவில்லை. என் காதுக்குள் என் ரத்தம் ஓடுவது கேட்டது.

மேலே சத்தம். சிமெண்ட்டில் கால் தேய்கிற சத்தம். ஒரு படி இறங்கியது. நின்றது. தேய்த்தது. பிரமிளா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பயத்தில் பிடித்தாளா, நான் பிடித்தேனா என்று சத்தியமாகத் தெரியாது.

மங்கிய வானத்தில் ஒரு உருவம் தெரிந்தது. மோவாய் மேலே தூக்கியிருந்தது. கண்ணாடியில் கடைசி வெளிச்சம் மின்னியது. உருவம் கண்ணைக் கீழே தாழ்த்தி, இல்லாத இடத்தில் காலை வைக்கப் போய், பின்வாங்கியது.

மேடம் சாதாரணமாக, பஸ் ஸ்டாண்டில் வழி சொல்கிறவர் போலச் சொன்னார்:

"தலையைக் குனிஞ்சி பாருங்க ஐயா. கண்ணை மட்டும் தாழ்த்தினா படி தெரியாது. கடைக்காரரு திலீப்புக்கும் அதைத்தான் சொல்லி அனுப்பினாராம்."

உருவம் அப்படியே நின்றது. பிரமிளாவின் பிடி என் கையை விட்டது.

"நைனா?"

மேடம் படியேறிப் போய், அவர் முகத்திலிருந்து கண்ணாடியைக் குழந்தையிடமிருந்து எடுப்பதுபோல மெதுவாக எடுத்தார். வாயருகே வைத்து ஊதினார். நான் போன் டார்ச்சை அடித்தேன். பனிக்குள்ளிருந்து இரண்டு வட்டங்கள் எழுந்து வந்தன. ஒன்று அஞ்சு.

"நான்தாம்மா" என்றார் முனிகிருஷ்ணன். அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "நான்தான்."

மேடம் முதலில் பிரமிளாவுக்குக் கீதாவைச் சொன்னார். கடை, கோடு, இழை தெரியாத கண், உன் முன்னால் கிழவனாகத் தெரியக் கூடாது என்றது எல்லாம். பிரமிளா கேட்டுக்கொண்டே இருந்தாள். "கீதான்னு ஒருத்தி இல்லவே இல்லியா?" என்று இரண்டு தடவை கேட்டாள். அப்புறம் படியேறி, அவள் அப்பாவுக்கு இரண்டு படி கீழே நின்றாள்.

"நீ சொல்லு நைனா."

"அன்னிக்குக் காலைல போன்ல அழுதல்ல, கீதா கீதான்னு. எனக்கு ரத்தம் கொதிச்சிப் போச்சி. சாயங்காலம் வந்தேன், நீ தறிகிட்ட இருந்த. அவன் மாடியில நின்னுக்கினு இருந்தான். நேரா ஏறிப் போயி, 'கீதா எங்கடா'ன்னு கேட்டேன்."

அவர் கண்ணாடி இல்லாத மூக்கைத் தடவினார்.

"அவன் சிரிச்சான்மா. சந்தோஷமா சிரிச்சான். 'கண்டுபுடிச்சிட்டியா மாமா'ன்னான். கண்ணாடியைத் தொட்டுக் காட்டினான். நான் அவன் கையைப் பாக்கல, சிரிப்பைத்தான் பாத்தேன். 'நல்லா தேடிப் பாரு மாமா, கீத லேது. உன்கிட்டதான் கீது'ன்னான். எனக்குத் தெலுங்கு, நூல் வாங்கறதுக்கு பேரம் பேசற அளவுக்குத்தான் தெரியும். பொண்ணைக் கட்டிக் குடுத்த மாமனாரை வெச்சிக்கினு கேலி பண்றான்னு நெனச்சேன். அதுக்குள்ள கரண்ட் போச்சி. அப்பவும் 'கீத லேது'ன்னு சிரிக்கறான். கையை ஓங்கினேன். அடிக்கல. ஓங்கினேன். அவன் பின்னாடி ஒரு கால் வெச்சான், குனியாம கண்ணால கீழ பாத்தான். படி இருக்கற எடத்துல கால் வெக்கல."

பக்கத்து வீட்டில் உதயா இருமுவது கேட்டது.

"புடிக்கத்தான் பாஞ்சேன். என் கண்ணாடி கழண்டு அவனோட சேந்து கீழ போச்சி. மேல் படியில ஒண்ணு கையில தட்டுப்பட்டுச்சி, என்னுதுன்னு போட்டுக்கினேன். மறுநாள் பேப்பரை எடுத்து, கண்ணாடியில கோட்டைத் தேடறேன், கோட்டைக் காணோம். அப்பதான்மா அவன் சொன்னது எனக்குப் புரிஞ்சிது." அவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். "அவன் கண்ணுக்கு இந்தப் படி எப்படித் தெரிஞ்சிருக்கும்னு தெனமும் ஏறி எறங்கிப் பாக்கறேன். ஆடுதும்மா. படி ஆடுது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த வேலையில் ஏழு வருஷமாக இருக்கிறேன், ஒரு வார்த்தைக்காக ஒருத்தன் செத்ததைப் பார்த்ததில்லை.

பிரமிளா அழவில்லை. இன்னொரு படி ஏறிக் கேட்டாள்.

"நீ கீழ எறங்கி வந்தப்ப அவருக்கு உயிர் இருந்துச்சா?"

கிழவர் தலை நிமிரவே இல்லை.

"நைனா, உன்னைத்தான் கேக்கறேன்."

"இருந்துச்சிம்மா. என்னைப் பாத்தான். 'பிரமிளாவைக் கூப்புடு மாமா'ன்னான்." அவர் படியைக் கையால் தடவினார். "நான் கூப்புடல. பயந்துட்டேன். வெளிய போயி டீக்கடையில நின்னுட்டேன்."

மேடம் பிரமிளாவைப் பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினார். தேவைப்படவில்லை. அவள் நேராகத்தான் நின்றாள்.

"சத்தம் எனக்கும் கேட்டுச்சி நைனா" என்றாள். "பத்தடி தூரத்துல இருந்தேன். கெடக்கட்டும்னு கோவத்துல ஒக்காந்துக்கினு இருந்தேன். நீ கூப்புடல, நானும் வரல. எழுந்திரு."

"எங்கம்மா?"

"ஸ்டேஷனுக்கு. நீ செஞ்சதை நீ சொல்லு. நான் செஞ்சதை நான் சொல்றேன்."

அவர் எழுந்தார். கண்ணாடி மேடத்திடம் இருந்தது, அவருக்கு முன்னால் எதுவும் தெரிந்திருக்காது. காலை நீட்டி நீட்டித் தேடினார். பிரமிளா அவர் முழங்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாகத் தான் முதலில் இறங்கி, ஒவ்வொரு படியாகச் சொல்லி இறக்கினாள். பாதி வழியில் கரண்ட் வந்துவிட்டது. தறிகள் எல்லாம் ஒன்றாக ஓட ஆரம்பித்தன. அந்தச் சத்தத்துக்கு மேலே அவள் குரல் உயர்த்தினாள்.

"இன்னும் ரெண்டு கீது. இதோ, ஒண்ணுதான். அவ்ளோதான் நைனா, இனிமே தரை."